இலைக்குள் ஒண்டுக்குடித்தனம்

கல்லறைத் தோட்டங்களில் எவரும் நடாமலும் நீர் ஊற்றாமலும் பூத்துக் கிடக்கும் செடி ஒன்று உண்டு. ஐந்து இதழ்கள், இளஞ்சிவப்பு, அல்லது வெண்மை, மணம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. நம் மக்கள் அதற்கு இரு பெயர்கள் இட்டிருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் பூப்பதால் நித்தியகல்யாணி. புதைகுழிகளின் ஓரத்தில் மிகுதியாகக் காணப்படுவதால் சுடுகாட்டு மல்லி. மணக்கோலத்தையும் மரணத்தையும் ஒரே செடியின் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, ஆடுகூடக் கடிக்காத செடி என்று ஒதுக்கியும் விட்டார்கள். மடகாஸ்கர் தீவிலிருந்து உலகெங்கும் பரவிய அச்செடி, இன்று நம் தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் பயிராகவே விளைகிறது. அதன் இலையும் வேரும் கடல் கடந்து போவதற்குக் காரணம், உலகம் அறிந்த இரண்டு புற்றுநோய் மருந்துகள் அதனுள் இருப்பதே.

அம்மருந்துகள் கண்டறியப்பட்ட கதை சிறிது வேடிக்கையானது. 1952-ஆம் ஆண்டு கனடாவின் டொரான்டோ நகரில் கிளார்க் நோபிள் என்னும் மருத்துவருக்கு ஜமைக்காத் தீவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே 25 நித்தியகல்யாணி இலைகள். இன்சுலின் கிடைக்காத வேளையில் நீரிழிவுக்கு அத்தீவினர் இதைத்தான் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்பது செய்தி. பணி ஓய்வு பெற்றிருந்த கிளார்க், இலைகளைத் தம் உடன்பிறந்தவரான ராபர்ட் நோபிளிடம் அனுப்பினார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை சற்றும் குறையவில்லை. குறைந்தது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. தேடியது கிடைக்கவில்லையென்று குப்பையில் எறிந்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்தானே இரத்தப் புற்றுநோய் என்று அவர் எண்ணிப் பார்த்தார். 1958-இல் அவரும் சார்லஸ் பீர் என்னும் வேதியியலாரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்து உலகுக்கு அறிவித்தார்கள். அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின், அடுத்து வந்த ஆண்டுகளில் மற்ற மருந்துகளோடு கூட்டாக அளிக்கப்பட்டு, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்தக்கூடிய நோய் ஆக்கிற்று. அதற்கு முன்னர் அந்நோயின் பெயரைக் கேட்ட தாய்மார்களுக்கு அது ஏறத்தாழ மரண ஓலையாகவே இருந்தது.

இந்தச் செடியைப் பற்றி நாம் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. காஞ்சிபுரத்துக் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணாவின் பெயரால் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று இயங்குகிறது. இந்நெசவு நகரம் நாட்டுக்குத் தந்த அப்பெருமகன் 1969-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் புற்றுநோயால்தான் மறைந்தார். நோயில்பூசுதல் வழங்கவும், ஆறுதல் சொல்லவும் அம்மருத்துவமனைக்கு நாம் அடிக்கடி செல்வதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் செய்தித்தாள் நறுக்கு ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய தந்தை அங்கே சிகிச்சை பெற்று வந்தார். வில்வ இலைக்குள் வாழும் பூஞ்சையிலிருந்து புற்றுநோய் மருந்து கிடைக்கிறதென்று நறுக்கில் அச்சாகியிருந்தது. "காஞ்சியிலே வில்வத்துக்கா பஞ்சம், சாமி? ஊசியை நிறுத்திட்டு இலைச்சாறு கொடுக்கலாமா?" என்று கேட்டார். கேட்டவர் பட்டதாரி. தறியை விற்று மருத்துவம் பார்ப்பவர் கேட்கும் கேள்வியில் படிப்பைத் தேடக் கூடாது.

ஊசியை நிறுத்த வேண்டாம் என்று அன்றே சொன்னோம். ஏன் நிறுத்தக் கூடாது என்று சொல்லத்தான் நாம் படிக்க வேண்டியதாயிற்று.

அந்தச் செய்தி பொய்யன்று. 2008-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயர் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கங்காதேவி, முத்துமேரி ஆகியோர், வில்வ மரத்திலிருந்து பிரித்தெடுத்த பார்ட்டலினியா என்னும் பூஞ்சை டாக்சாலை உண்டாக்குவதாக ஆய்விதழில் வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுக்கும் சூலகப் புற்றுக்கும் மருத்துவர்கள் இன்று கையாளும் முதன்மையான மருந்துகளுள் டாக்சால் ஒன்று. அதன் பிறப்பிடம் வில்வம் அன்று. அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் மெல்ல மெல்ல வளரும் யூ மரத்தின் பட்டை. மராட்டிய மாநிலத்து நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வானி, மன்ரோ வால் என்பவரோடு சேர்ந்து 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டார். அமெரிக்க அரசு அதை மருந்தாக ஏற்றது 1992-இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் எழுந்த பெரிய இடர்ப்பாடு, பட்டையை உரித்தால் மரம் பிழைக்காது என்பது. ஒரு நோயாளியைக் காக்கப் பல மரங்கள் சாக வேண்டும். நம் இமயமலை யூ மரமும் இதே காரணத்தால் சூறையாடப்பட்டு, 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

இந்த இக்கட்டின் நடுவேதான் பூஞ்சை வந்தது. 1993-இல் மொன்டானா மாநிலத்து ஆய்வாளர்களான ஆண்ட்ரியா ஸ்டீர்லி, கேரி ஸ்ட்ரோபல், டொனால்டு ஸ்டீர்லி மூவரும் ஒரு யூ மரப் பட்டைக்குள் வாழ்ந்த பூஞ்சையைத் தனியே வளர்த்து, அதுவும் டாக்சாலைச் சுரக்கிறது என்று அறிவித்தார்கள். உலகம் வியந்தது. மரத்தை வெட்ட வேண்டாம். தோசை மாவைப் புளிக்க வைப்பதுபோல் பெருங்கலன்களில் பூஞ்சையைப் பெருக்கி மருந்தை வடித்துக்கொள்ளலாம். பெனிசிலின் அப்படித்தானே வந்தது?

செடிகளுக்குள் பூஞ்சைகள் வாழ்கின்றன என்பது நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கும். ரொட்டியில் பூக்கும் பூசணமும் மழைக்காலக் காளானுமே நாம் அறிந்த பூஞ்சைகள். நோயற்ற பச்சை இலை ஒன்றைப் பறித்து, குழாய் நீரில் கழுவி, மேற்பரப்பில் உள்ளவை யாவும் மாயும்படி சாராயத்திலும் சலவைத் தூள் கரைசலிலும் நனைத்தெடுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி ஊட்டக்கூழின்மேல் வைத்தால், சில நாள்களில் வெட்டு வாயிலிருந்து வெண்ணிற இழைகள் எட்டிப் பார்க்கும். அவை இலைக்குள் குடியிருந்தவை. இலைக்கு நோய் தருவதில்லை. வெளியில் ஓர் அடையாளமும் காட்டுவதில்லை. ஆராயப்பட்ட ஏறத்தாழ எல்லாச் செடிகளிலும் இவை இருக்கின்றன. நம் தென்னாட்டு மரங்களின் இலைகளில் குடியிருக்கும் இத்தகைய பூஞ்சைகளைச் சென்னையிலிருந்து பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் முனைவர் டி. எஸ். சூரியநாராயணன். ஆய்வாளர்கள் இவற்றை அகவாழ் பூஞ்சைகள் என்கிறார்கள். நமக்கென்னவோ ஒண்டுக்குடித்தனம் என்ற சொல்லே பொருத்தமாகப் படுகிறது. ஒரே வாசல், ஒரே கிணறு, தனித்தனி அடுப்பு.

தனித்தனி அடுப்புதானா என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். 1993-இல் அறிவிக்கப்பட்ட பூஞ்சை ஒரு லிட்டர் வளர்ப்பு நீரில் தந்தது அதிக அளவாக 50 நானோகிராம் டாக்சால். நடுத்தர உடல்வாகுள்ள ஒருவருக்கு ஒருமுறை செலுத்தும் மருந்து ஏறத்தாழ 280 மில்லிகிராம். கணக்குப் போட்டால் ஒரே ஒரு தவணைக்கு 56 லட்சம் லிட்டர் வேண்டும். சென்னை ஆய்வாளர்களின் வில்வப் பூஞ்சை அதைவிடப் பன்மடங்கு வளமானது. லிட்டருக்கு 187 மைக்ரோகிராம் அளவில் கிடைத்தது என்றார்கள். அப்போதும் ஒரு தவணைக்குச் சுமார் 1,500 லிட்டர். இளைஞரிடம் இந்தக் கணக்கைத்தான் காகிதத்தில் போட்டுக் காட்டினோம். பூஞ்சையைப் பிரித்தெடுத்து, வாரக்கணக்கில் வளர்த்து, வேதிப்பொருள்களால் வடித்தெடுத்தால் இவ்வளவு; இலைச்சாற்றில் என்ன இருக்கும்? அவர் காகிதத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ எதுக்குங்க பேப்பர்ல போடுறாங்க?" என்றார். நியாயமான கேள்வி.

அடுத்தது மறதி. மரத்திலிருந்து பிரிக்கப்பட்ட பூஞ்சை தொடக்கத்தில் மருந்தைச் சுரக்கிறது. அதையே ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்தால், சில தலைமுறைகளுக்குள் சுரப்பு தேய்ந்து அற்றுப் போகிறது. பூஞ்சை நன்றாகத்தான் வளர்கிறது, தொழிலை மறந்துவிடுகிறது. சீனத்து மரம் ஒன்றிலிருந்து கிடைக்கும் கேம்ப்டோதெசின் என்ற மற்றொரு புற்று மருந்தை வைத்து ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் குசாரி, ஸ்பிடெல்லர் முதலியோர் இதைத் துருவினார்கள். 2011-இல் அவர்கள் கண்டது வியப்பானது. மருந்தைக் கட்டும் படிகளில் முற்பகுதிக்குரிய கருவிகள் பூஞ்சையிடம் இருந்தன. நடுவே இன்றியமையாத ஒரு நொதி மட்டும் அதனிடம் இல்லை. அதை மரத்தினிடமிருந்து கடன் வாங்கியே அது வேலை செய்திருக்கிறது. அடுத்த வீட்டு உரலில் மாவாட்டிப் பழகியவர் வீடு மாறிப் போனதும் தோசை வார்க்க முடியாமல் தவிப்பது போன்ற நிலை.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கேம்ப்டோதெசின் தரும் மரங்கள் உண்டு. அவையும் பெருவாரியாக வெட்டப்பட்டன. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் உமா சங்கர் குழுவினர் அத்தகைய மரங்களின் பூஞ்சைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். தொழில் மறந்த பூஞ்சையை மீண்டும் அதன் மரத்துக்குள் செலுத்தி, பின்னர் எடுத்துப் பார்த்தபோது, சுரப்பு திரும்பியிருந்தது என்று 2015-இல் அவர்கள் எழுதினார்கள். மரபணு தொலைந்துபோகவில்லை, உறங்கிப் போயிருந்தது என்பது அவர்கள் கருத்து. உறக்கத்தைக் கலைக்கும் வேதிப்பொருள் ஒன்றாலும் ஓரளவு அதே பலனைக் கண்டார்கள். இந்த ஆய்வைப் படித்த அன்று நமக்கு இருந்த மகிழ்ச்சி சிறிதன்று. குருமடத்தில் அரிஸ்டாட்டிலின் நான்கு காரணங்களை ஒப்பித்த நாள்கள் நினைவுக்கு வந்தன. இம்மருந்துக்கு வினைமுதல் யார், மரமா, பூஞ்சையா என்று எங்கள் பழைய பேராசிரியரிடம் கேட்டிருந்தால், வகுப்பு முடியும் மணி அடிக்கும்வரை அவர் விட்டிருக்க மாட்டார்.

ஆயினும் 2013-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஆகன் நகரில் ஹைனிக், ஷோல்ஸ், யெனிவைன் ஆகியோர், 1993-இல் புகழ்பெற்ற அதே பூஞ்சையின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்தார்கள். யூ மரத்தில் டாக்சாலைக் கட்டும் மரபணுக்களுக்கு ஒப்பானவை அதில் இல்லை. பூஞ்சை தானாக டாக்சாலை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று கிட்டவில்லை என்று அவர்கள் முடிவு செய்தார்கள். நானோகிராம் அளவில் ஆராயும்போது ஒரு பொருளை வேறொன்றாகக் கருதிவிடவும், தாய்மரத்திலிருந்து ஒட்டி வந்த துளியைப் பூஞ்சையின் உழைப்பாக எண்ணிவிடவும் இடமுண்டு. வேறு பூஞ்சைகள் வேறு வழியில் கட்டுகின்றன என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2015-இல், யூ மரத்தின் பட்டை வெடிக்கும் இடங்களுக்குப் பூஞ்சை விரைந்து சென்று, மரத்தை உளுக்கச் செய்யும் பிற பூஞ்சைகளை டாக்சாலால் தடுக்கிறது என்று எழுதினார்கள். அது உண்மையாயின், குடித்தனக்காரர் வாடகை தருகிறார் என்று பொருள். வழக்கு இன்னும் தீரவில்லை. 1993 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்னும், மருத்துவமனைகளுக்கு வரும் டாக்சால் புட்டி பூஞ்சைக் கலனிலிருந்து வருவதில்லை. யூ மரத்தின் ஊசியிலைகளிலிருந்து எடுத்த பொருளைத் திருத்தியும், மரத்தின் உயிரணுக்களைக் கலன்களில் வளர்த்துமே அது கிடைக்கிறது. மரம் பிழைத்தது, பிழைக்க வைத்தது பூஞ்சையன்று.

நமக்கு இதில் ஒரு வருத்தம். 1993-இன் அறிவிப்பும் அதன் வழிவந்தவையும் நாளிதழ்களில் திரும்பத் திரும்பச் செய்தியாயின. 2013-இன் மறுப்பு எந்தத் தமிழ் நாளிதழிலும் நம் கண்ணில் படவில்லை. நறுக்கை மடித்து எடுத்து வருகிறவர்களுக்கு இரண்டும் தெரிய வேண்டாமா? ஆய்வாளர்களைக் குறை கூற நாம் எழுதவில்லை. சின்னஞ்சிறு ஆய்வகங்களில், நம் ஊர் இலைகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஏழைக்கு எட்டும் விலையில் மருந்து வேண்டும் என்று உழைத்தவர்கள் அவர்கள்.

நித்தியகல்யாணிக்குத் திரும்புவோம். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு அதன் உலர்ந்த இலை 500 கிலோவுக்குக் குறையாமல் தேவைப்படுகிறது. ஏன் இவ்வளவு அருமை என்பதைக் காஞ்சி நெசவாளருக்கு எளிதில் விளக்கலாம். இங்கே சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில், மூன்று நாடாக்களால், ஒருவர் இழுக்க மற்றொருவர் வாங்க, ஊடை இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்படி நெய்யப்படுகின்றன, அதுவே கோர்வை. வின்பிளாஸ்டினும் ஒரு கோர்வைதான். கேதரந்தின் ஒரு பாதி, விண்டோலின் மறு பாதி. ஆனால் செடியோ கேதரந்தினை இலையின் மேற்பூச்சு மெழுகிலும், விண்டோலினை இலையின் உள்ளறைகளிலும் பிரித்து வைத்திருக்கிறது. இரண்டும் சந்திப்பது அரிது, கோர்வையும் அரிது. இச்செடியின் அகவாழ் பூஞ்சைகளும் இம்மருந்தைத் தருவதாகச் சீனத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அறிவிப்புகள் வந்தன. முடிவில் வேறொரு பூஞ்சைதான் நம்பத்தகுந்த வேலையைச் செய்து காட்டிற்று. 2022-இல் ஜேய் கீஸ்லிங் முதலியோர், ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டுக்குள் செடியின் மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி, ஏறத்தாழ முப்பது படிகளில் அவ்விரு பாதிகளையும் சுரக்க வைத்து, இறுதிக் கோர்வையை வேதியியலால் முடித்தார்கள். ஈஸ்டும் பூஞ்சை இனந்தான். மூன்றாண்டுகள் கழித்து, 2025-இல், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் டாக்சாலுக்கு முந்தைய நிலைப் பொருளைப் புகையிலை இனச் செடி ஒன்றில் உண்டாக்கினார்கள். காட்டில் தேடிய குடித்தனக்காரர் கைவிட்ட இடத்தில், வேலையைப் படிப்படியாகக் கற்பித்த கூலியாள் கைகொடுக்கிறார் போலும். இவையும் ஆய்வகத்தை விட்டு மருந்துக்கடைக்கு வந்து சேரவில்லை.

இவ்விரு மருந்துகளும் உடலில் செய்வது என்ன என்பதும் நெசவு சார்ந்ததே. உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய இழைகள் பாவுபோல் ஓடி, நிறப்புரிகளை இரு பக்கமும் இழுக்கின்றன. நித்தியகல்யாணி மருந்து அவ்விழைகளை உருவாகவே விடுவதில்லை. டாக்சால், உருவான இழைகளைக் கலைய விடுவதில்லை. இதை 1979-இல் கண்டு சொன்னவர் சூசன் ஹார்விட்ஸ் என்னும் அம்மையார். ஒன்று நூலைத் தடுக்கிறது, மற்றொன்று தறியிலேயே சிக்கலாக்குகிறது. எப்படியும் புற்றணு பிரிய முடியாமல் மடிகிறது. நரம்புகளுக்குள்ளும் அதே இழைகள் இருப்பதால், மருந்து பெறுவோரில் பலருக்குக் கைவிரல்களும் கால்விரல்களும் மரத்துப் போகின்றன.

நம் பங்கில் பாவு பிணைக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். முடிந்த பாவின் நுனிகளோடு புதிய பாவின் நுனிகளை, ஆயிரக்கணக்கான இழைகளை, விரல்நுனியில் சாம்பல் தொட்டு ஒவ்வொன்றாக முறுக்கி ஒட்டுவது அவர் தொழில். மார்பகப் புற்றுக்கு டாக்சால் பெற்றார். நோய் அடங்கிற்று, விரல்களில் உணர்வு மங்கிற்று. இழை கையில் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிகிறேன் என்றார். மருத்துவர்கள் மெல்ல மெல்லத் திரும்பும் என்று சொல்லியிருக்கிறார்கள். சிறிது திரும்பியும் இருக்கிறது. சென்ற மாதம் அவர் இல்லம் சென்றபோது இந்தப் பூஞ்சைக் கதையை அவரிடம் சொன்னோம். வில்வ இலை, யூ மரம், மறந்துபோன தொழில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பட்டுப்புழு தின்னுற முசுக்கொட்டை இலைக்குள்ளயும் அது இருக்குமா, சாமி?"

இருக்கும் என்றோம்.

"அப்போ நான் இத்தனை வருசமா அதோடதான் பொழங்கியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மகளை அழைத்து விளக்கைச் சற்று அருகில் நகர்த்தச் சொன்னார். மகள் நுனிகளைப் பிரித்துக் கொடுக்க, அவர் கண்ணால் பார்த்துப் பார்த்து முறுக்கிக்கொண்டிருந்தார்.